ஒரு முடிக்கு ஒரு முடி

தலைமுடியை வெட்டாமல் விட்டால் இடுப்பைத் தொடும். இமைமுடியை யாரும் வெட்டுவதில்லை. ஆனாலும் அது ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே நின்றுவிடுகிறது. முடி முளைக்கும் மயிர்க்காலின் கால அட்டவணைதான் இதற்குக் காரணம். தலையில் ஒரு மயிர்க்கால் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை ஓயாமல் முடியை வளர்த்துக்கொண்டே போகும். இமையில் அந்த வளர்பருவம் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. அடுத்து வேர் சுருங்கும் இரண்டு மூன்று வாரங்கள். அதன்பின் நீண்ட ஓய்வு. ஓய்வு முடியும்போது பழைய முடி உதிர்ந்து, அதே குழியில் புதியது தலைகாட்டும்.

நகரத்து அழகுநிலையங்களில் இன்று பரவியிருக்கும் ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் வேலை முழுவதும் இந்த அட்டவணையின்மீது நிற்கிறது. பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் விதிகள் ஏராளம்: இவ்வளவு நீளத்துக்கு மேல் கூடாது, தோலில் பசை படக்கூடாது, மூன்று வாரத்தில் வரச் சொல்ல வேண்டும், அறையின் ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டும். இவற்றை மனப்பாடம் செய்தவர் வழக்கத்துக்கு மாறான ஒரு கண் வந்து எதிரே படுத்ததும் திணறுவார். இவை எங்கிருந்து வருகின்றன என்று அறிந்தவர் திணற மாட்டார். எல்லா விதிகளுக்கும் ஊற்று இரண்டே இடங்கள்தான்: இமைமுடியின் உயிரியல், பசையின் வேதியியல்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கும் மேடை ஏறும் நடனக்காரருக்கும் ஒட்டுவது பட்டை இமை. ஒரு மெல்லிய நாடாவில் முடிகள் வரிசையாக இருக்கும், அது இமைத்தோலில் ஒட்டும், இரவில் கழற்றிவிடலாம். திரையில் இதன் கதை பழையது. 1916இல் வெளிவந்த டி.டபிள்யூ. கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ படத்தில் நடிகை சீனா ஓவனுக்கு உண்மை முடியாலான செயற்கை இமைகளை மரப்பிசினால் செய்த மேடைப் பசை கொண்டு ஒட்டினார்கள்; அவருடைய கண்கள் வீங்கிப்போனதாகத் திரைவரலாறு சொல்கிறது. எக்ஸ்டென்ஷன் அப்படிப்பட்டதன்று. அது தோலைத் தொடவே கூடாது. வாடிக்கையாளரின் சொந்த இமைமுடி ஒவ்வொன்றின்மீதும் தனித்தனியாக ஒரு செயற்கை இழையை ஒட்டுகிறார்கள். அந்த முடி உதிரும் நாள் வரை இழை அதன்மேல் இருக்கும். உதிரும்போது கூடவே போகும்.

மேலிமையில் சுமார் 90 முதல் 150 முடிகள் இருக்கும், கீழிமையில் எழுபது எண்பது. அவை ஒரே கோட்டில் நிற்பதில்லை. முன்னும் பின்னுமாக வரிசைகள் கலந்து நிற்கும். தலையில் எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது முடிகள் வளர்ந்துகொண்டிருக்கும். மேலிமையிலோ ஐந்தில் இரண்டு பங்குதான் வளரும். மற்றவை சுருங்கிக்கொண்டோ ஓய்விலோ இருக்கும். வளரும் முடி ஒரு நாளைக்கு 0.12 முதல் 0.14 மில்லிமீட்டர் வரை நீளும். அருகருகே நிற்கும் இரண்டு முடிகளில் ஒன்று நேற்று முளைத்த குஞ்சாகவும் மற்றொன்று நாளை உதிரப்போகும் முதியதாகவும் இருக்கலாம். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. பழகிய கைக்கு வேறுபாடு தெரியும்: குஞ்சு முடி மெல்லியது, குட்டையானது, நிறம் வெளிறியது. அதன்மேல் கனமான இழையை ஏற்றாமல் விட்டுவிடுவதே முறை. வளரட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

இமைமுடி எதற்காக இருக்கிறது என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூ, கியெர்மோ அமடோர் ஆகியோரின் குழு, முள்ளெலி முதல் ஒட்டகச்சிவிங்கி வரை 22 பாலூட்டிகளின் இமைமுடியை அளந்து பார்த்தது. அளவில் இவ்வளவு வேறுபட்ட விலங்குகளிலும் ஒரு பொதுக்கணக்கு தென்பட்டது: இமைமுடியின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிறகு ஒரு மாதிரிக் கண்ணைச் செய்து, காற்றுச்சுரங்கத்தில் வைத்து, இமைமுடியின் நீளத்தை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் கண்ணின் ஈரம் உலர்வதும் தூசு படிவதும் மிகக் குறைவாக இருந்தன. இமைமுடியே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் பாதி வரை குறைந்தன. அதற்குமேல் நீண்டால், முடிகளே காற்றைக் குவித்துக் கண்ணுக்குள் செலுத்தத் தொடங்கின. மனிதக் கண்ணின் அகலம் சுமார் 30 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு என்றால் பத்து. பதினைந்து மில்லிமீட்டர் இழை கேட்டு வருபவரிடம் சொல்வதற்குத் தொழிலாளியிடம் இருக்க வேண்டிய எண் இது.

இனி நாற்காலிக்கு வருவோம். உண்மையில் அது படுக்கை. வாடிக்கையாளர் ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். கீழிமை முடிகளை ஜெல் பேட் அல்லது மருத்துவ டேப்பால் கீழ்நோக்கிப் படியவைத்து மறைப்பார்கள். அந்தப் பேட் கண்ணின் ஈர விளிம்பில் உரசக் கூடாது. உரசியபடியே இரண்டு மணி நேரம் கிடந்தால் வெண்படலம் தேய்ந்து புண்ணாகும். பிறகு இமைமுடிகளை எண்ணெய் கலவாத நுரையால் கழுவி, உலர்த்தி, பேட்டின்மேல் பேனாவால் கோடு போட்டு எந்தப் பகுதியில் எந்த நீளம் என்று குறிப்பார்கள். இதை மேப்பிங் என்கிறார்கள். மூக்கை ஒட்டிய மூலையில் முடிகள் இயல்பாகவே குட்டை. அங்கே ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் வைத்தால் குத்தும்.

அடுத்து வருவது இந்தத் தொழிலின் உயிரான செயல்: தனிமைப்படுத்துதல். இடக்கையில் நேரான டிவீசர், வலக்கையில் வளைந்த டிவீசர். இடக்கை டிவீசர் முடிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரே ஒரு முடியை நிற்கவைக்கிறது. வலக்கை ஓர் இழையை எடுத்து, அடிப்பகுதியை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பசைத்துளியில் தோய்த்து, அந்த ஒற்றை முடியின்மேல் படுக்கவைக்கிறது. இமைத்தோலிலிருந்து அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி. ஒரு முடிக்கு ஓர் இழை. புதிதாகக் கற்பவர் இதைச் சரியாகச் செய்யவே மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கும். அவசரத்தில் இரண்டு முடிகள் ஒன்றாகச் சிக்கி ஒரே பசையில் மாட்டிக்கொள்வது மிக எளிதாக நடக்கும். பார்லர் மொழியில் இதை ‘ஸ்டிக்கீஸ்’ என்பார்கள்.

ஏன் அதை அவ்வளவு பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள்? மேலே சொன்ன அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டில் ஒன்று வளர்கிறது, மற்றது ஓய்வில் நிற்கிறது. நடக்கிற மாட்டையும் படுத்திருக்கிற மாட்டையும் ஒரே கயிற்றில் பிணைத்ததற்குச் சமம் அது. மூன்று வாரத்தில் வளரும் முடி இரண்டரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை முன்னேறும். அசையாத துணை அதைப் பிடித்து இழுக்கும். அது துணையை இழுக்கும். வலி, அரிப்பு, கடைசியில் நேரத்துக்கு முன்பே வேரோடு பிடுங்கல். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் மயிர்க்கால் களைத்துவிடும். இறுகப் பின்னலிட்டு நெற்றியோரம் முடி கொட்டும் இழுவை வழுக்கை இமையிலும் வரும். இமையை மெல்லத் தடவும்போது எங்காவது சுருக்கென்று இழுத்தால் ஸ்டிக்கீஸ் இருக்கிறது என்று பொருள். நல்ல தொழிலாளி வேலை முடிந்தபின் கூரான டிவீசரால் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு முடியையும் பிரித்துப் பார்க்காமல் வாடிக்கையாளரை எழுப்ப மாட்டார்.

வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் கொத்து இழைகளைப் பற்றியும் இதே காரணத்தால் எனக்குக் கவலை உண்டு. ஐந்தாறு முடிகளைச் சேர்த்து ஒரு பசைக்கட்டியில் மாட்டுவதுதான் அதன் வடிவமைப்பே. ஒரு நாள் விழாவுக்கு வைத்து அன்றிரவே எடுத்துவிட்டால் பெரிய தீங்கில்லை. வாரக்கணக்கில் வைத்திருந்தால் ஐந்து அட்டவணைகள் ஒரே முடிச்சில்.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு, பள்ளிக்கூடக் கணக்குத்தான். இழைகள் பிபிடி எனப்படும் பாலிபியூட்டிலீன் டெரிஃப்தாலேட் நெகிழியால் ஆனவை. பெட்டியில் ‘மிங்க்’, ‘சில்க்’ என்று அச்சிட்டிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது அதுதான். மிங்க் என்னும் விலங்குக்கும் பட்டுப்பூச்சிக்கும் அதில் பங்கில்லை. தடிமன் 0.03 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. உருளையின் எடை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 0.10 இழையைவிட 0.20 இழை பார்வைக்கு இரண்டு மடங்கு, எடையில் நான்கு மடங்கு. ஒரு முடிக்கு ஒரே இழை ஒட்டும் கிளாசிக் முறையில் வழக்கமாக எடுக்கும் 0.15 இழையின் எடையும், 0.07 தடிமனுள்ள நாலைந்து இழைகளை விசிறியாக விரித்து ஒட்டும் வால்யூம் முறையின் எடையும் கிட்டத்தட்ட ஒன்றே. 0.05 என்றால் ஒன்பது இழைகள் வரை அதே எடைக்குள் அடங்கும். ‘வால்யூம் கனமாக இருக்கும்’ என்று பலர் தயங்குகிறார்கள். கணக்குத் தெரிந்து செய்தால் இருக்க வேண்டியதில்லை.

நீளம் அதைவிடக் கடுமையானது. எட்டு மில்லிமீட்டர் இழைக்குப் பதில் பன்னிரண்டு வைத்தால் எடை ஒன்றரை மடங்காகிறது; எடையின் மையமும் வேரிலிருந்து ஒன்றரை மடங்கு தள்ளிப்போகிறது. வேரில் விழும் முறுக்கு இரண்டேகால் மடங்கு. சொந்த முடியைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளம் கூட்டாதே என்கிற விதி இங்கிருந்துதான் வருகிறது. முடி வளர வளர ஒட்டிய இடமும் தோலை விட்டு விலகிப்போகும். முதல் நாள் அரை மில்லிமீட்டரில் இருந்த பளு மூன்றாம் வாரம் மூன்று மில்லிமீட்டர் தொலைவில் தொங்கும். அதனால்தான் இழைகள் திரும்பிக்கொண்டு பக்கவாட்டில் சாய்கின்றன. ஓய்வில் இருக்கும் முடிகளில் ஒட்டியவை மட்டும் முதல் நாள் போலவே அடியோடு ஒட்டி நிற்கும். ஆக இரண்டு மூன்று வாரத்தில் ‘ரீஃபில்’ என்று வரச் சொல்வது வெறும் வியாபாரம் என்று எண்ணிவிடக் கூடாது. உதிர்ந்த இடங்களை நிரப்புவதோடு, விலகிப்போன இழைகளை நீக்கி அடியில் புதிதாக வைப்பதும் அந்தச் சந்திப்பின் வேலை.

பசையின் கதை சுவையானது. 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடிக்காகத் தெளிந்த நெகிழி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது சோதித்த சயனோஅக்ரிலேட் தொட்டதில் எல்லாம் ஒட்டியதால் எரிச்சலோடு ஒதுக்கிவைத்தார். 1951இல் அவருடைய குழுவிலிருந்த ஃபிரெட் ஜாய்னர், எத்தில் சயனோஅக்ரிலேட்டின் ஒளிவிலகலை அளக்க, விலையுயர்ந்த கருவியின் இரண்டு முப்பட்டகங்களுக்கு நடுவே அதைத் தடவினார். முப்பட்டகங்கள் பிரியவேயில்லை. கருவி போனது, பசை கிடைத்தது. 1958இல் அது கடைக்கு வந்தது. இன்று மளிகைக்கடையில் வாங்கும் உடனடிப் பசையிலும் சரி, இமை எக்ஸ்டென்ஷனுக்கான பெரும்பாலான பசைகளிலும் சரி, ஜாய்னர் தடவிய அதே மூலக்கூறோ அதன் நெருங்கிய உறவோதான் இருக்கிறது. இமைப்பசையில் கறுப்புக்காகக் கரித்தூளும், குழைவுக்காக வேறொரு நெகிழியும் சேர்கின்றன. அதற்காக மளிகைக்கடைப் பசையைக் கண்ணருகே கொண்டுபோகலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். தூய்மையும் பாகுத்தன்மையும் கடினத்தன்மையும் முற்றிலும் வேறு.

இந்தப் பசை உலர்வதால் இறுகுவதில்லை. இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கோந்தும் வார்னிஷும் தம்மிலுள்ள நீரோ கரைப்பானோ ஆவியாகி இறுகும். சயனோஅக்ரிலேட்டுக்கு மாறாக ஈரம் வேண்டும். காற்றிலும் முடியின் மேற்பரப்பிலும் உள்ள நீர் மூலக்கூறு ஒன்று பசையின் ஒற்றைப்படி மூலக்கூறைத் தொட்டதும் அது விழித்துக்கொண்டு அடுத்ததைப் பற்றுகிறது, அது அதற்கடுத்ததை. சில நொடிகளில் நீண்ட பலபடிச் சங்கிலிகள் கெட்டிப்படுகின்றன. ஈரம் குறைந்தால் இந்த ஓட்டம் மந்தமாகும். வைத்த இழை வழுக்கிப் பக்கத்து முடியில் போய் ஒட்டும். ஈரம் மிகுந்தால் எண்ணற்ற சங்கிலிகள் ஒரே நேரத்தில் தொடங்கிக் குட்டையாகவே நின்றுவிடும். பசை வெளுத்து, நொறுங்கும் தன்மையோடு இறுகும். இந்த நிலையில் இரண்டே நாளில் இழைகள் கொட்டிவிடும்.

பெரும்பாலான பசைகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் இதமான சூழல் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பம், 45 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம். மழைக்காலச் சென்னையில் ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது சாதாரணம். கொழும்பும் அப்படியே. கதவைத் திறந்துவைத்த அறையில் வேகப் பசையைத் துளிவிட்டால், இழை முடியைத் தொடுமுன்பே துளியின்மேல் தோல் கட்டிவிடும். நாள் முழுக்க ஏ.சி. ஓடிய சிறு அறையில் நிலைமை நேர் எதிர். காற்று வறண்டு பசை சோம்பும். அதனால் சுவரில் ஓர் ஈரப்பதமானி இல்லாமல் இந்த வேலையைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பதாகும். அதே பசைப் புட்டி ஜனவரியில் நன்றாக வேலை செய்து நவம்பரில் ஏமாற்றினால் புட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல தொழிலாளிகள் பருவத்துக்கு ஏற்ப வேகம் குறைந்த, கூடிய பசைகளை மாற்றுகிறார்கள். துளியையும் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக விடுகிறார்கள்.

புட்டியைப் பாதுகாப்பதும் இதே வேதியியல்தான். திறக்காத புட்டி ஃபிரிட்ஜில் இருக்கலாம். ஆனால் குளிர்ந்த புட்டியை எடுத்தவுடன் திறந்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் வாயில் நீராகப் படியும். உள்ளே இருக்கும் மொத்தப் பசைக்கும் அது இறுகுவதற்கான அழைப்பு. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை திறந்தபின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப்புகா டப்பாவில் வெளியே வைப்பதே நல்லது. ஒவ்வொரு முறையும் குலுக்கவும் வேண்டும். கரித்தூள் அடியில் படிந்துவிடும்.

இறுகாத பசையிலிருந்து ஆவி எழும். அது காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். கீழே இருப்பது வாடிக்கையாளரின் முகம். அந்த ஆவி ஈரம் கண்ட இடத்தில் தானே இறுகி வெள்ளைப் பூச்சாகப் படியும். இந்தப் பண்பைக் காவல்துறை பயன்படுத்திக்கொண்டது. 1970களில் ஜப்பானியத் தடய நிபுணர்கள், கண்ணுக்குத் தெரியாத கைரேகைகளின் வியர்வையில் சயனோஅக்ரிலேட் ஆவி படிந்து வெள்ளைக் கோடுகளாக வெளிப்படுவதைக் கண்டார்கள். இன்று உலகெங்கும் அது வழக்கமான தடயவியல் முறை. கைரேகையை வெளிக்கொணரும் அதே ஆவிதான் சிறிது திறந்த இமையிடுக்கில் புகுந்தால் கண்ணின் ஈரத்தில் படிந்து எரிச்சலும் சிவப்பும் தருகிறது. எனவே கண் முழுமையாக மூடியிருக்க வேண்டும். டேப்பை இறுக்கி இழுத்ததால் இமை லேசாகத் திறந்திருக்கிறதா என்று வேலைக்கு நடுவிலும் குனிந்து பார்க்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும். வேலை முடிந்ததும் நுண்ணிய நீர்த்துகள்களைத் தூவும் நானோ மிஸ்டர் பயன்படுத்துவதன் நோக்கம், மேற்பரப்பில் மிஞ்சியிருக்கும் மூலக்கூறுகளை இறுகவைத்து ஆவியை நிறுத்துவது. குளிப்பாட்டுவதுபோல் தூவினால் வெளுப்புதான் மிஞ்சும்.

தீங்குகளைப் பற்றி நம்பத்தக்க பதிவு ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. அங்கே இந்தச் சேவை மிக முன்பே பரவியது. கண் பாதிப்புப் புகார்கள் பெருகியதால், இதைச் செய்பவர் அரசு உரிமம் பெற்ற அழகுக்கலைஞராக இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2008இல் அறிவுறுத்தியது. டோக்கியோவின் கண் மருத்துவர்கள், எக்ஸ்டென்ஷனால் கண் பாதிக்கப்பட்டு வந்த 107 பெண்களைப் பற்றி 2012இல் ‘கார்னியா’ ஆய்விதழில் எழுதினார்கள். 64 பேருக்குக் கார்னியாவிலும் வெண்படலத்திலும் அழற்சி. 42 பேருக்கு இமையில் ஒவ்வாமை அழற்சி. சிலருக்கு இமையைப் பிடித்திருந்த டேப்பே வெண்படலத்தைத் தேய்த்திருந்தது. சோதித்துப் பார்த்த பசைகளில் ஃபார்மால்டிஹைடு இருந்தது.

அது எங்கிருந்து வந்தது? யாரும் கலந்திருக்க வேண்டியதில்லை. சயனோஅக்ரிலேட்டைச் செய்வதே ஃபார்மால்டிஹைடையும் சயனோஅசிட்டேட்டையும் இணைத்துத்தான். இறுகிய பசையை நீர் மெல்ல மெல்லச் சிதைக்கும்போது அந்த வினை பின்னோக்கி ஓடி, ஃபார்மால்டிஹைடு சிறிது சிறிதாக விடுபடுகிறது. மூலக்கூறின் பக்கச் சங்கிலி குட்டையாக இருந்தால் சிதைவு வேகமாகவும், நீண்டால் மெதுவாகவும் நடக்கும். அறுவை மருத்துவத்தில் காயத்தை மூட 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பசை, எத்திலைவிட நீளமான ஆக்டில் வகையாக இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. மென்கண் உள்ளவர்களுக்கென்று விற்கும் இமைப்பசைகளிலும் நீண்ட சங்கிலி வகைகள் உண்டு. அவை இறுகச் சற்று நேரமாகும், பிடிப்பும் குறைவு. ‘எரிச்சலே தராது, ஆறு வாரம் நிற்கும், நொடியில் பிடிக்கும்’ என்று மூன்றையும் ஒருசேர வாக்களிக்கும் விளம்பரத்தை நான் நம்ப மாட்டேன்.

எரிச்சலும் ஒவ்வாமையும் வேறு வேறு. ஆவி பட்ட எரிச்சல் அன்றே வந்து ஓரிரு நாளில் தணியும். ஒவ்வாமை பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரம் கழித்து வரும். இரண்டு இமைகளும் உப்பும், அரிப்பு தாங்காது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது காப்புறுதி ஆகாது. உடலின் எதிர்ப்பாற்றல் ஒருமுறையோ பலமுறையோ சந்தித்தபின்தான் ஒரு பொருளை எதிரியாக முத்திரை குத்தும். முத்திரை விழுந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். அதனால் ஓரிரண்டு நாள் முன்பே நாலைந்து இழைகளை மட்டும் ஒட்டி அனுப்பும் பேட்ச் டெஸ்ட்டைத் தவிர்க்கக் கூடாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை ஓடிவந்து “அக்கா, டெஸ்ட் எல்லாம் வேண்டாம், நேரா போட்டுவிடுங்க” என்று கெஞ்சும் மணப்பெண்ணுக்கு மறுப்புச் சொல்பவர்தான் அவளுக்கு நல்லது செய்கிறார். நாள் முழுக்க அந்த ஆவிக்கு மேல் குனிந்திருக்கும் தொழிலாளிக்கும் இதே ஆபத்து உண்டு. அவருடைய மூச்சுக்கும் கைத்தோலுக்கும் முகக்கவசமும் கையுறையும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். இதைப் பற்றி நம் பயிற்சிக்கூடங்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

பராமரிப்பில் மிகப் பெரிய தவறு கழுவாமல் இருப்பது. “காசு கொடுத்துப் போட்டது, தண்ணி படாம பாத்துக்கிறேன்” என்று முகத்தைக்கூட ஒதுக்கி ஒதுக்கிக் கழுவுகிறவர்கள் பலர். முதல் நாள் நீரையும் ஆவியையும் தவிர்க்கச் சொல்வதில் பொருளுண்டு. மேலோடு இறுகியபின்னும் உள்ளே பசை முழுமையாக இறுகச் சிறிது நேரம் எடுக்கும். எவ்வளவு நேரம் என்பது பசைக்குப் பசை மாறும். இரண்டாம் நாளிலிருந்து கழுவாதிருக்க எந்த நியாயமும் இல்லை. இமை விளிம்பு சுரப்பிகள் நிறைந்த இடம். ஒவ்வொரு மயிர்க்காலோடும் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் இணைந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், கண்ணீர் ஆவியாகிவிடாமல் மேலே எண்ணெய்ப் படலம் விரிக்கும் மைபோமியன் சுரப்பிகள் மேலிமையில் மட்டும் முப்பதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இந்த எண்ணெயும் உதிரும் தோல்செதில்களும் ஒப்பனைத் துகள்களும் அடர்ந்த இழைகளின் அடியில் தேங்கினால், மயிர்க்காலில் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணிகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் விருந்து. அரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத இந்த உயிர்கள் பெரும்பாலான பெரியவர்களிடம் தொல்லையில்லாமல் வாழ்பவைதாம். பெருகினால் இமை சிவக்கும், காலையில் அரிக்கும், முடியின் அடியில் பொடுகுபோல வளையங்கள் தெரியும். அந்த நிலையில் வருபவருக்கு இழை ஒட்டக் கூடாது. கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கழுவும் முறை எளிது. இமைக்கென்று உள்ள நுரையை மென்மையான தூரிகையில் எடுத்து, கண்ணை மூடி, முடியின் அடியிலும் தோல் விளிம்பிலும் மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். நல்ல நீரை ஊற்றி அலச வேண்டும். மென்தாளால் ஒற்றி ஈரத்தை எடுத்து, கொஞ்சம் உலர்ந்தபின் சுருள் தூரிகையால் நுனியை வாரலாம். பஞ்சு வேண்டாம், நூல் சிக்கும். நாளுக்கு ஒருமுறை போதும். வெயிலில் அலைந்து வியர்த்த நாளில் இரண்டு முறை.

நம் வீடுகளில் இரண்டு பழக்கங்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஒன்று, இமைமுடி வளர இரவில் விளக்கெண்ணெய் தடவுவது. எண்ணெய்ப் படலத்தின்மேல் சயனோஅக்ரிலேட் பிடிக்காது. ரீஃபிலுக்கு வரும் நாளில் எவ்வளவு கழுவினாலும் எச்சம் நின்று வேலையைக் கெடுக்கும். மற்றது கண்மை. கரியும் எண்ணெயும் சேர்ந்த அது ஈர விளிம்பிலிருந்து நகர்ந்து இழைகளின் அடியில் அப்பிக்கொள்ளும். மையே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. தீட்டிய இரவே முழுமையாகக் கழுவிவிட வேண்டும். எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரும் நீர்புகா மஸ்காராவும் மட்டும் கட்டாயம் வேண்டாம். குப்புறப் படுப்பவருக்கு எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கத்து இழைகள் முதலில் கலையும். அடுப்படியில் இன்னொரு ஆபத்து: பிபிடி நெகிழி சூட்டில் வளைவை இழக்கும், சுவாலை பட்டால் நுனி சுருண்டு கருகும். எரியும் அடுப்பின்மேல் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வாடிக்கையாளர்களில் சிலர் கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுபவர்களாக இருப்பார்கள். லட்டனோப்ராஸ்ட், பைமட்டோப்ராஸ்ட் வகை மருந்துகள் இமைமுடியை நீட்டியும் தடிப்பாக்கியும் வளரவைக்கும். பக்கவிளைவாகத் தெரியவந்த இந்தப் பண்புக்காகவே, இமைமுடி அடர்த்தி குறைந்தவர்களுக்குப் பூசும் மருந்தாகப் பைமட்டோப்ராஸ்டை அமெரிக்கா 2008இல் ஏற்றது. அத்தகையவருக்கு இழைகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விலகுவதைத் தொழிலாளி காணலாம். என்ன மருந்து போடுகிறீர்கள் என்ற கேள்வி படிவத்தில் இருக்க வேண்டியது அதனால்தான். அண்மையில் கண்ணில் அறுவை செய்துகொண்டவருக்கு மருத்துவர் அனுமதி வரும்வரை தொடவே கூடாது.

இழைகளை எடுப்பதற்கும் முறை உண்டு. கையால் பிய்ப்பது, சமையல் எண்ணெயில் ஊறவைத்து இழுப்பது இரண்டுமே சொந்த முடியைப் பறிகொடுக்கும் வழிகள். நகச்சாயம் அழிக்கும் அசிட்டோன் கண்ணருகே வரவே கூடாது. நிலையத்தில் பசை இளக்கும் கிரீமைப் பயன்படுத்துவார்கள். திரவத்தைவிடக் கிரீம் நல்லது, ஏனெனில் அது வழிந்து கண்ணுக்குள் போகாது. கீழிமையை மறைத்து, கண்ணை மூடவைத்து, ஒட்டிய இடத்தில் மட்டும் பூசிச் சில நிமிடம் விட்டால் பசை இளகும்; டிவீசரால் நுனியைப் பிடித்து முன்னோக்கி நகர்த்தினால் இழை வழுக்கிக்கொண்டு வரும். வழுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்த ஜப்பானிய நோயாளிகளிடையே, இழையை எடுக்கும்போது இமையை அழுத்தியதால் வெண்படலத்துக்கு அடியில் இரத்தம் கசிந்தவரும் இருந்தார்.

எடுத்தபின் கண்ணாடியில் பார்ப்பவருக்குத் தன் இமைமுடி குறைந்துவிட்டதாகத் தோன்றும். முறையாக ஒட்டி முறையாக எடுத்திருந்தால் பெரும்பாலும் அது நீண்ட இழைகளுக்குப் பழகிய கண்ணின் மயக்கமே. உண்மையாகவே பறிபோன முடி, மயிர்க்கால் நலமாக இருந்தால், இரண்டு மாதத்துக்குப் பக்கத்தில் மறுபடி வளர்ந்து நிற்கும். மூன்று மாதம் கழிந்தும் ஓர் இடம் வெறுமையாகவே கிடந்தால், அல்லது சிவப்பும் வலியும் இரண்டு நாளைத் தாண்டினால், அல்லது பார்வை மங்கினால் அது பார்லருக்குப் போகும் நாள் அல்ல, கண் மருத்துவரிடம் போகும் நாள். போகும்போது பசைப் புட்டியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.